பூசணிப் பிஞ்சு ஏன் உதிர்ந்தது? மலையகத்து வீட்டுத்தோட்டத்தில் நான் தோற்ற இரண்டு போகங்கள்

பூசணி என்பது குப்பைமேட்டில் வீசிய விதையிலிருந்து தானாக முளைத்து, கூரையேறி, கேட்பாரில்லாமல் காய்க்கும் கொடி என்றுதான் நாற்பது வயது வரை நான் நம்பியிருந்தேன். சூடான தாழ்நிலமான மொனராகலைப் பக்கத்து உறவினர் வீட்டில் அப்படித்தான் காய்த்துக் கிடந்தது. அந்த நம்பிக்கையோடு இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,250 மீற்றர் உயரத்தில் உள்ள என் வீட்டின் பின்புறத்தில் இரண்டு போகங்கள் பூசணி வைத்துத் தோற்றேன். செலவான பணத்தை விட, எதனால் தோற்கிறேன் என்று சரியாகத் தெரியாமலேயே ஏறத்தாழ ஒரு வருடம் தோற்றதுதான் வலித்தது. அப்போது யாராவது ஒருவர் முழுமையாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ மிச்சமாகியிருக்கும் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. முந்தைய ஆண்டின் இரசாயனப் பசளைத் தடை விளைச்சலைக் குறைத்திருந்தது. டொலர் இல்லாமல் எரிபொருளும் இல்லாமல் மரக்கறி லொறிகள் ஓடுவதே சந்தேகமாகிவிட்டது. அந்த ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. ஜூன் மாதத்தில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை தந்து, வீட்டில் பயிரிடுங்கள் என்றார்கள். நானும் அரச எழுதுவினைஞன்தான். வீட்டின் பின்னால், எப்போதோ தேயிலைச் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு மானாப்புல் வளரவிட்டிருந்த ஒரு துண்டு நிலம் இருந்தது. முதல் வெள்ளிக்கிழமையே மண் கிளறும் முள்ளையும் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அது ஜூன் மாதம் என்பதும், தென்மேற்குப் பருவக்காற்று நம் பக்கத்து மலைகளில்தான் முதலில் வந்து மோதும் என்பதும் எனக்குத் தெரியாத விடயங்கள் அல்ல. பிறந்ததிலிருந்து அந்த மழையில் நனைந்தவன்தான். இருந்தும், பயிரிடுவதற்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக அன்று தோன்றவில்லை. விடுமுறை கிடைத்த மாதத்தையே விதைக்கும் மாதமாக எடுத்துக்கொண்டேன்.

பட்டர்நட் என்ற பூசணி வகையில் இரண்டு விதைப் பொதிகள், மொத்தம் இருபது விதைகள், 1,300 ரூபாய்க்கு வாங்கினேன். கோழிப்பசளை நான்கு மூட்டை இட்டு, மேட்டுப்பாத்தி கூடக் கட்டாமல், சரிவிலேயே குழி போட்டு நேரடியாக விதைத்தேன். ஒரு வாரத்தில் முளைக்கும் என்று பொதியில் எழுதியிருந்தது. இரண்டு வாரமாகியும் ஆறுதான் தலை காட்டின. பொறுக்க முடியாமல் ஒரு குழியை விரலால் தோண்டிப் பார்த்தேன். விதை ஊறிய காகிதம் போல் நசிந்து, ஓடு இரண்டாகப் பிளந்து, உள்ளே பருப்பு இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கூழ் இருந்தது. விரலை முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம். பூசணி விதைக்குச் சூடான மண் வேண்டும். 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருந்தால் ஐந்தாறு நாளில் எழும்பும். 15 பாகைக்குக் கீழே, அதுவும் நீர் வடியாத மண்ணில், முளைப்பதற்கு முன்பே அழுகும். எங்கள் ஜூன் மாத மண்ணில் வெறுங்காலை வைத்தாலே விறைத்துப் போகும்போது விதை என்ன செய்யும்? முளைத்த ஆறில் இரண்டை ஒரே இரவில் ஓடில்லா நத்தைகள் தண்டோடு தின்றுவிட்டன. காலையில் மண்ணில் அவை ஊர்ந்த பளபளப்பான கோடு மட்டும் இருந்தது.

இப்போது நான் நேரடியாக விதைப்பதே இல்லை. வெறும் யோகட் கோப்பைகளின் அடியில் துளையிட்டு, பாதி மணலும் பாதி மக்கிய எருவுமாக நிரப்பி, கோப்பைக்கு ஒரு விதையைப் பக்கவாட்டாகச் செருகி, குசினியில் விறகடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வைக்கிறேன். மண் ஈரமாக இருந்தால் போதும். நீர் தேங்கக் கூடாது. முளை தெரிந்ததும் வெளிச்சம் விழும் சன்னலுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நூல் போல் நீண்டு சாய்ந்துவிடும். மூன்றாவது இலை விரிந்தவுடன், கோப்பையைக் கத்தரித்து, வேரைச் சுற்றியுள்ள மண் உதிராமல் நட வேண்டும். பூசணி வேரை அசைத்தால் கொடி இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். நட்ட முதல் பத்து இரவுகளில் ஒன்பது மணிக்கு டோர்ச் எடுத்துப் போய் நத்தைகளைப் பொறுக்குவதை விடச் சிறந்த மருந்தை நான் கண்டதில்லை. சாம்பல் தூவலாம், ஆனால் ஒரு மழையோடு அது போய்விடும்.

மிஞ்சிய நான்கு கொடிகள் மெலிந்து, இலை வெளிறிப் போய் நின்றன. சிற்றுடைமைத் தேயிலைக் காணி வைத்திருந்த நண்பர் ஒருவரிடம் கெஞ்சி, தேயிலைக்குப் போடும் பசளைக் கலவையில் ஐந்து கிலோவை 3,250 ரூபாய்க்கு வாங்கி, கைநிறைய அள்ளிப் போட்டேன். பத்தே நாளில் இலைகள் பூரித்தன. ஒவ்வொன்றும் கொழுந்துக் கூடையின் வாயை மூடும் அளவுக்கு வளர்ந்தது. அதைப் பார்த்துப் பெருமைப்பட்டு, 4,500 ரூபாய் செலவில் கம்பும் கம்பியும் வாங்கிப் பந்தலும் போட்டேன். தேயிலைப் பசளையில் நைதரசன் தூக்கலாக இருக்கும், ஏனென்றால் தேயிலையில் நமக்கு வேண்டியது இலை. பூசணியில் நமக்கு இலை வேண்டாம். இந்த எளிய விடயம், கொழுந்து எடுத்தே பிள்ளை வளர்த்த ஒரு தாயின் மகனுக்குத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

செப்டெம்பரில் பூக்கள் வந்தன. முதல் மூன்று வாரமும் நீண்ட காம்பில் நிமிர்ந்து நின்ற மஞ்சள் பூக்கள் மட்டுமே. பூத்து, வாடி, விழுந்தன. பிறகு, இதழ்களுக்குக் கீழே கட்டைவிரல் அளவில் ஒரு குட்டிப் பூசணியோடு வேறு வகைப் பூக்கள் வந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நான்கு நாள் கழித்து அந்தக் குட்டிப் பூசணி நுனியிலிருந்து மஞ்சளாகி, சுருங்கி, தொட்டவுடன் கையில் வந்தது. அடுத்ததும் அப்படியே. நாட்காட்டியில் கோடு போட்டு எண்ணி வந்தேன். மொத்தம் இருபத்து மூன்று பிஞ்சுகள். விழுந்ததில் இரண்டை ஒரு விவசாய மருந்துக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, புரட்டிக்கூடப் பார்க்காமல் “பூச்சியும் இருக்கிறது, பங்கசும் இருக்கிறது” என்று சொல்லி இரண்டு போத்தல்களைத் தந்தார்கள்: 3,400 ரூபாய். தெளிக்கும் கருவிக்கு இன்னும் 2,800. அலுவலகம் போக வேண்டும் என்பதால் காலை ஆறரை மணிக்கே, பூக்கள் விரிந்திருந்த நேரத்தில், பூவுக்குள்ளேயே படும்படி பூச்சிநாசினியைத் தெளித்தேன். நான் செய்த தவறுகளிலேயே மோசமானது அதுதான். வந்திருக்கக்கூடிய ஒன்றிரண்டு தேனீக்களையும் நானே விரட்டினேன், அல்லது கொன்றேன்.

கோழிப்பசளைக்குக் கொடுத்த 2,400 ரூபாயையும் சேர்த்து அந்தப் போகத்தில் செலவு 17,650 ரூபாய். விளைச்சல் ஒரு காய்கூட இல்லை. கொடியின் நுனிக் கொழுந்தைக் கிள்ளித் தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டிய நான்கைந்து நாட்களையும், ஆண் பூக்களைக் கடலை மாவில் தோய்த்துப் பொரித்த ஒரு மாலையையும் வேண்டுமானால் கணக்கில் சேர்க்கலாம். நவம்பரில் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான கீழ் லயத்தில் இருக்கும், முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: “தம்பி, இந்தப் பனியில மனுசனே வெளிய போக யோசிக்கிறான். தேனீ எங்கருந்து வரும்?”

அந்த ஒரு வாக்கியத்தில் என் 17,650 ரூபாய்க்கான விளக்கம் இருந்தது. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீ பெண் பூவில் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் பிஞ்சு காயாகும். இல்லாவிட்டால் கொடி அதைத் தானே உதிர்த்துவிடும். அது நோயல்ல, எனவே மருந்தும் இல்லை. பெண் பூ ஒரே ஒரு காலைதான் திறந்திருக்கும். விடிந்ததும் விரிந்து, வெயிலேறும்போது மூடத் தொடங்கி, மதியத்துக்கு முன் சுருங்கிவிடும். சமவெளியில் அந்த நான்கைந்து மணி நேரம் தேனீக்களுக்குப் போதும். எங்கள் பக்கத்தில் பருவமழைக் காலத்தில் பத்து மணிவரை எதிர் லயமே தெரியாத மூடுபனி. குளிரிலும் நனைந்த காற்றிலும் தேனீ கூட்டைவிட்டுக் கிளம்பாது. மூடுபனி விலகும்போது பூ மூடியிருக்கும்.

ஆகவே தேனீயின் வேலையை நாம் செய்ய வேண்டும். பெரியம்மா காட்டித் தந்ததோடு என் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். முந்திய மாலையில் கொடியைச் சுற்றி வந்தால், மறுநாள் விரியப்போகும் மொட்டுகள் தெரியும். பச்சை மொட்டின் நுனி மஞ்சளேறி, முறுக்குத் தளர்ந்திருக்கும். அன்றிரவே அந்த ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மெல்லிய நூலால் வாயைக் கட்டி, மேலே ஒரு யோகட் கோப்பையைக் கவிழ்த்துக் குச்சியில் செருகிவிடுவேன். மழையும் பனியும் உள்ளே இறங்கினால் மகரந்தம் மஞ்சள் களிம்பாகிப் பயனற்றுப் போகும் என்பதால் இந்தக் குடை அவசியம். காலையில் ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்து எடுத்தால், நடுவில் மகரந்தம் பூசிய தண்டு மட்டும் நிற்கும். விரலால் தொட்டால் மஞ்சள் தூள் உலர்ந்து ஒட்ட வேண்டும். பெண் பூவின் நூலை அவிழ்த்து, உள்ளே மூன்று நான்கு மடல்களாகப் புடைத்திருக்கும் பகுதியின் எல்லா மடல்களிலும் படும்படி மெதுவாகச் சுற்றித் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் ஒரு பக்கம் வீங்கிக் கோணலாக வளரும். தேய்த்த பிறகு பூவை மறுபடியும் கட்டி, கோப்பையைக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போகலாம். சேர்க்கை நடந்திருந்தால் நான்காம் ஐந்தாம் நாளில் பிஞ்சின் காம்பு தடித்து, தலை கீழே வளையத் தொடங்கும். முதன்முதலாக அப்படி வளைந்த காம்பைப் பார்த்த காலையில் நான் அலுவலகத்துக்கு அரை மணி நேரம் பிந்திப் போனேன்.

இரண்டாவதாகப் பெரியம்மா தந்த அறிவு நாட்காட்டியைப் பற்றியது. ஹட்டனையும் சேர்த்த டிம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல ருசிக்காலம். வரண்ட குளிர்காற்றும் தெளிந்த காலையும் அப்போதுதான் உண்டு. ஊவாப் பக்கத்துக்கு அந்தக் காலம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. தேயிலை ருசிக்கும் காலத்தை ஒட்டித்தான் பூசணியும் காய்க்கும் என்பது அவருடைய கணக்கு. அதன்படி டிசம்பர் கடைசியில் கோப்பையில் விதைத்து, ஜனவரி நடுப்பகுதியில் நட்டால், மார்ச்சில் பூ வரும். மார்ச், ஏப்ரலில் பிற்பகலில் இடியோடு மழை பெய்தாலும் காலைகள் பெரும்பாலும் வெளிச்சமாக இருக்கும். மே முடிவில் பருவமழை இறுகுவதற்குள் காயை அறுத்துவிடலாம். நுவரெலியா உயரத்தில் இருப்பவர்கள் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனிக்குப் பயந்து இன்னும் ஒரு மாதம் தள்ளி நட வேண்டியிருக்கும். விதைப் பொதியில் எழுதியிருக்கும் நாட்கணக்கு சூடான பகுதிகளுக்கானது. அதோடு நான்கைந்து வாரத்தைக் கூட்டிக்கொண்டால்தான் நம் மலைக்குப் பொருந்தும்.

டிசம்பரில் ஒரு பை மண்ணைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த விவசாயப் போதனாசிரியரின் உதவியோடு சோதித்தபோது அமிலகார அளவு (pH) 4.7 என்று வந்தது. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை இருக்கும் புளிப்பு மண்தான் இஷ்டம். பூசணிக்கு 6க்கு மேலே வேண்டும். பழைய தேயிலை நிலத்தில் வீட்டுத்தோட்டம் போடும் ஒவ்வொருவருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. டொலமைற் என்ற சுண்ணாம்புக்கல் தூளை வாங்கித் தூவி, மண்ணோடு கலந்து, நடுவதற்கு நான்கு வாரத்துக்கு முன்பே வைத்துவிட வேண்டும். நடும் அன்று போட்டுப் பயனில்லை. பசளையோடு ஒரே நாளில் போடவும் கூடாது. அதில் கல்சியம் இருப்பதால், காயின் பூ விழுந்த நுனி கறுத்து அழுகும் தொல்லையும் குறைந்தது. சரிவுக்குக் குறுக்காகக் கல் அடுக்கி மேட்டுப்பாத்தி கட்டியது அதை விடப் பெரிய மாற்றம். வேர் தண்ணீரில் நிற்பது அதோடு நின்றது. இரசாயனப் பசளையை விட்டுவிட்டு மக்கிய சாணமும் அடுப்புச் சாம்பலும் மட்டுமே இடுகிறேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் 2023 போகத்தில் தோற்றேன் என்றால் சிரிப்பீர்கள். ஆசையில் கொடிகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக நெருக்கி நட்டதால் காற்றோட்டம் இல்லாமல், பெப்ரவரியில் இலையெல்லாம் கோதுமை மாவைத் தூவியதுபோல் வெண்துகள் நோய் பிடித்தது. இப்போது நான்கடி இடைவெளி விடுகிறேன். அடியிலுள்ள கிழட்டு இலைகளை உடனுக்குடன் வெட்டி அப்புறப்படுத்துகிறேன். அதையும் தாண்டி ஏழு காய்கள் பிடித்தன. மே மாதம் இரண்டாம் வாரத்தில் ஒரு காலை எழுந்து போய்ப் பார்த்தால், ஐந்து காய்கள் உளியால் செதுக்கியதுபோல் குடையப்பட்டுக் கிடந்தன; பாத்தியோரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள். முள்ளம்பன்றி. கல்மேல் உட்கார்ந்து அழுதேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுதேன். மிஞ்சிய இரண்டின் எடை மொத்தம் மூன்று கிலோவும் கொஞ்சமும்.

கம்பிச் சுருக்கு வைக்கும்படி இரண்டு பேர் சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மலையகத்தில் அப்படி வைத்த சுருக்குகளில் சிறுத்தைகள் அகப்பட்டு இறந்திருக்கின்றன. சட்டப்படியும் அது குற்றம். முள்ளம்பன்றி ஏறாது, தோண்டும். பழைய கூரைத் தகரங்களை ஒரு அடி ஆழத்துக்கு மண்ணில் புதைத்து, இரண்டு அடி வெளியே தெரியும்படி சுற்றிக் கட்டினேன். நசுங்கிய ஒரு தகரம் அப்போது பழைய இரும்புக் கடையில் 400 ரூபாய். மொத்தம் பதினான்கு வேண்டியிருந்தது. முதல் வருடம் பந்தலுக்குக் கொடுத்த பணத்தை இதற்குக் கொடுத்திருக்க வேண்டும். பழ ஈக்கும் செலவில்லாத வழி ஒன்று உண்டு: காய் முட்டையளவு ஆனதும் பழைய பத்திரிகையில் பை செய்து மூடி, காம்பில் கட்டிவிடுவது. மழையில் கிழிந்தால் மாற்ற வேண்டும். மூடாமல் விட்ட பிஞ்சின் தோலில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளையும், அதிலிருந்து வடிந்த பிசினும் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம்; அதைத் தோட்டத்திலேயே எறியாமல் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட வேண்டும்.

2024 மே மாதத்தில் ஒன்பது கொடிகளிலிருந்து முப்பத்தொரு காய்கள் அறுத்தேன். நகத்தால் அழுத்தினால் தோல் இறங்காமலும், காம்பு பச்சை மாறித் தக்கைபோல் காய்ந்தும் இருந்தால் காய் முற்றிவிட்டது. இரண்டு அங்குலக் காம்போடு அறுக்க வேண்டும். காம்பு உடைந்த காயை முதலில் சமைத்துவிட வேண்டும், அது தாங்காது. மற்றவற்றை ஒன்றையொன்று தொடாமல் பத்து நாள் குசினிப் பரணில், அடுப்புச் சூட்டில் காயவிட்டேன். கடைசிக் காயைச் சமைத்தது செப்டெம்பரில், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது. சுகினி என்ற செடிப் பூசணியும் இரண்டு வைத்துப் பார்த்தேன். ஐம்பது அறுபது நாளில் காய் தந்தாலும் வெண்துகள் அதைத்தான் முதலில் தேடி வருகிறது. அதன் விதையை எடுத்து மறுபடி நட்டபோது ஒரு செடியின் காய் வேப்பங்காய் போல் கசந்தது. கசக்கும் பூசணியையோ சுகினியையோ கறியில் உப்புப் புளி சேர்த்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. சந்தேகமென்றால் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம்.

விதைக்காக நான் ஒதுக்கும் காயின் காம்பில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். பக்கத்துத் தோட்டத்து வட்டக்காய்ப் பூசணியும் பட்டர்நட்டும் ஒரே இனம் என்பதால் தேனீ கலந்துவிட்டால் அடுத்த தலைமுறை என்னவாகும் என்று சொல்ல முடியாது. இரவிலேயே வாய் கட்டி, என் கையால் தேய்த்து, மறுபடியும் கட்டிய பூவின் காய்க்கு மட்டும் அந்த நூல். கலப்பின விதைப் பொதியிலிருந்து வந்த கொடியானால் இந்தக் காவலும் பயன்படாது. அதன் விதை தாயைப் போல் வராது. என் இப்போதைய விதை பெரியம்மாவின் தங்கை கொடுத்த பழைய வகை. ஊவாப் பக்கத்துப் பண்டாரவளையில் இருக்கும் என் தங்கைக்கு அதில் இருபது விதைகளைச் சென்ற ஏப்ரலில் தபாலில் அனுப்பினேன். அவளுடைய தெளிந்த காலைகள் ஜூலையில்தான் தொடங்கும். நான் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கும் நாட்களில் அவள் வீட்டில் பூக்கும்.